திட்டத் தெரியாத டிரசர்

எங்கள் தோட்டத்து மருந்துக் கொட்டகைக்கு முன்னால் சாய்மானம் வைத்த நீள பெஞ்சு ஒன்று கிடந்தது. காத்திருக்கும் நோயாளிகள் உட்காருவதற்காகப் போட்டது. யாரும் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்த பெண்கள் கால்வாய்த் திட்டில் குந்தியிருப்பார்கள். காய்ச்சலில் நடுங்குகிறவர்கள் சுவரில் சாய்ந்து நிற்பார்கள். பெஞ்சு மட்டும் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். "இந்த ஜனங்களுக்கு எங்க உக்காரணும்னுகூடத் தெரியல" என்று பழைய டிரசர் சலித்துக்கொள்வார்.

அவர் இடத்துக்குப் புதிய டிரசர் வந்தார். சில நாள் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால், கைகளை முதுகுப் பக்கம் கட்டிக்கொண்டு, பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு ஒரு காலையில் தோட்டக்காரரை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி, பெஞ்சைத் தூக்கி மறுபுறம் பார்க்கத் திருப்பிப் போட்டார். அன்றைக்கே பெஞ்சில் இடமில்லாமல் போனது.

அப்போதுதான் எனக்கும் புரிந்தது. அதுவரை அந்த பெஞ்சு ஆபீசு வராந்தாவுக்கு நேராக இருந்தது. வராந்தாவில் துரை உட்கார்ந்திருப்பார்.

"அவங்களுக்கு உக்காரத் தெரியாம இல்ல டீச்சர். துரை மூஞ்சிக்கு நேரா உக்கார முடியல, அவ்ளோதான்" என்றார் புதிய டிரசர்.

சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே தள்ளியிருந்த ரப்பர் தோட்டம் அது. எழுபதுகளின் நடுப்பகுதி. வெள்ளைக்காரர்கள் போய் உள்ளூர்க்காரர்கள் நிர்வாகியாக வந்துவிட்டார்கள், ஆனாலும் நாங்கள் துரை என்றுதான் சொல்வோம். தோட்டத்து மருத்துவ உதவியாளருக்கு டிரசர் என்று பெயர். காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பதும், வெட்டுக்காயத்துக்குத் தையல் போடுவதும், முடியாதவர்களை லோரியில் ஏற்றி ஈப்போ ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதும் அவர் வேலை. நான் ஈப்போவிலிருந்து தமிழ்ப்பள்ளிக்கு ஆசிரியையாகப் போயிருந்தேன். எனக்குக் கொடுத்த வீடும் டிரசர் வீடும் ஒரே வேலியைப் பகிர்ந்துகொண்டவை. அவரை நான் டிரசர் என்பேன், அவர் என்னை டீச்சர் என்பார். அதற்கு மேல் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டிய தேவை இருவருக்கும் வரவில்லை.

ஒல்லியான மனிதர். அரைக்கைச் சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்த்து உடுத்துவார். குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. அது பொறுமை என்று முதலில் நினைத்தேன். அப்படியில்லை. யாராவது ஒரு தவறு செய்துவிட்டால் மற்றவர்களுக்குக் கோபம் வரும் இடத்தில், அவருக்கு ஆர்வம் வந்துவிடும். ஏன் அப்படிச் செய்தார்கள் என்று தெரியாமல் அவரால் சோறு உண்ண முடியாது.

பாப்பாத்தி மருந்தை மாற்றிக் குடித்ததை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். பாப்பாத்தி ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகிறவர். இருமலும் மூட்டுவலியும் சேர்ந்து வந்ததால் டிரசர் இரண்டு போத்தல் கொடுத்தார். ஒன்று குடிக்க, ஒன்று முழங்காலில் தேய்க்க. தேய்க்கும் போத்தலில் சிவப்புக் காகிதம் ஒட்டியிருந்தார். சிவப்பு என்றால் எச்சரிக்கை, வாயில் வைக்காதே என்று பொருள். வாயாலும் சொல்லி அனுப்பினார். மறுநாள் பாப்பாத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். தைலத்தைக் குடித்துவிட்டு, இருமல் மருந்தை முழங்காலில் தேய்த்திருந்தார். வாந்தியெடுக்க வைத்து, தேறும்வரை படுக்க வைத்திருந்தார் டிரசர்.

அன்று மாலை என்னையும் கூட்டிக்கொண்டு பாப்பாத்தி வீட்டுக்குப் போனார். பெண்கள் மட்டும் இருக்கும் வீடு, தனியாகப் போக அவருக்குச் சங்கடம். ஏன் குடித்தாய் என்று கேட்கவே இல்லை.

"நேத்து எப்படிப் பண்ணீங்களோ, அதே மாதிரி இப்ப பண்ணிக் காட்டுங்கம்மா. குடிக்காம, சும்மா காட்டுங்க."

பாப்பாத்தி கூச்சத்தோடு சாமிப் படத்துக்குப் பக்கத்திலிருந்து சிவப்புக் காகிதம் ஒட்டிய போத்தலை எடுத்தார். காகிதம் ஒட்டாத போத்தல் மூலையில் தரையில் கிடந்தது.

"இத ஏன் சாமிகிட்ட வெச்சீங்க?"

"செவப்பு ஒட்டியிருக்கே டிரசர். குங்கும கலரு. அதானே நல்ல மருந்து? நல்லதத்தானே வாயில ஊத்திக்கணும்?"

 வேலி வரைக்கும் வந்துவிட்டு, "நம்ம ஜனங்களுக்குச் செவப்பு மங்களம். சீனங்களுக்கும் செவப்புதான் நல்லது. எங்கயோ இங்கிலீஷ் புஸ்தகத்துல செவப்பு ஆபத்துன்னு படிச்சிட்டு வந்து ஒட்டுனேன் பாருங்க" என்றார். அவமானப்பட்டவர் போல் இல்லை. ஏதோ தொலைந்த சாமானைக் கண்டெடுத்தவர் போல இருந்தார்.

"ஆனா நீங்க வாயால சொல்லித்தானே அனுப்புனீங்க? கேக்காதது அவங்க தப்புதானே?" என்றேன். நான் பிரம்பு வைத்துப் பாடம் நடத்தியவள். எனக்கு அவருடைய போக்கு பல நேரம் எரிச்சலாக இருக்கும்.

"இருமிக்கிட்டே நிக்கிறவங்களுக்கு நான் சொல்றது எவ்ளோ காதுல ஏறும் டீச்சர்? மனுசன் அப்படித்தான் இருப்பான். அவன மாத்துறதுக்கு நமக்கு ஆயுசு பத்தாது. போத்தல மாத்தலாம்."

அதன்பின் தேய்க்கிற மருந்தைப் போத்தலில் கொடுப்பதையே விட்டுவிட்டார். அகல வாய் டப்பாவில், கையை விட்டு வழித்து எடுக்கிற மாதிரி களிம்பாகக் குழைத்துக் கொடுத்தார். குடிக்க நினைத்தாலும் குடிக்க முடியாது.

மாத்திரை கொடுக்கும்போதும் மணிக் கணக்குச் சொல்ல மாட்டார். "பெரட்டுக்குப் போறதுக்கு முன்னால ஒண்ணு. பால் நிறுத்துட்டு வந்ததும் ஒண்ணு. வெளக்கு வெச்சதும் ஒண்ணு" என்பார். விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டையும், வெட்டிய பாலை எடை போடுவதையும் மறக்கிற ஆள் தோட்டத்தில் கிடையாது. அதோடு மாத்திரையும் ஒட்டிக்கொண்டது.

இப்படிச் சொன்னால் அவரைத் தெய்வமாக்குவது போல் ஆகிவிடும். அவரோடு குடித்தனம் நடத்திய மனைவியைக் கேட்டிருக்க வேண்டும். அவரை நான் அக்கா என்பேன். ஒருமுறை அக்கா தன் தம்பி கல்யாணத்துக்காக ஆயர் தாவாருக்குப் போயிருந்தார். அந்த நேரத்தில் டிரசர் சமையலறையைப் பிரித்துப் போட்டுவிட்டார். அக்கா உப்புக்கு எட்டி எட்டிக் கை நீட்டுவதை வெகுநாளாகப் பார்த்துவைத்திருந்தாராம். அலமாரியைக் கீழே இறக்கி, டின்களை வரிசை மாற்றி, அம்மியைக்கூட ஜன்னலோரம் நகர்த்தியிருந்தார். அக்கா வந்து பார்த்துவிட்டு டின்களின் வரிசையையும் அம்மியையும் பழையபடி மாற்றினார். வேலியோரம் என்னிடம் வந்து கொட்டித் தீர்த்தார்.

"கீழ அலமாரி வெச்சா எலி வருதுலா. அதான் மேல வெச்சிருந்தேன். எல்லார் கையையும் பாக்குறாரு, எம் மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்த கேட்டாரா?"

டிரசர் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வெளியே வந்து, "கேக்கல. அது எந் தப்பு" என்று சொல்லிவிட்டு, அலமாரியை மேலே ஏற்ற ஆணியும் சுத்தியலும் எடுத்து வந்தார். அக்காவுக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தத் தோட்டத்தில் அவர் இருந்த காலத்தில் நடந்த பெரிய துக்கம் சுப்பையா வீட்டில் நடந்தது.

சுப்பையா மருந்தடிக்கும் கும்பலில் இருந்தார். மருந்து என்றால் களைக்கொல்லி. கித்தா என்கிற ரப்பர் மரங்களுக்கு நடுவே மண்டும் லாலாங் புல்லைச் சாகடிக்கிற விஷம். கறுத்த காப்பி மாதிரி இருக்கும். ஸ்டோரில் பெரிய டின்னில் வரும். தண்ணீர் கலக்காத மருந்தை ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றிக் கொடுப்பார்கள். ரப்பர் காட்டுக்குப் போய் அங்கே தண்ணீர் கலந்து அடிக்க வேண்டும். ஊற்றிக்கொண்டு போக வசதியாக எல்லாரும் கலர் சோடா குடித்த காலிப் போத்தலைத்தான் வைத்திருந்தார்கள். மூடி இறுக்கமாக இருக்கும், இடுப்பில் செருகிக்கொள்ளலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சுப்பையாவின் தங்கை அஞ்சலையும் அவள் புருஷன் ராமனும் அண்ணன் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார்கள். எல்லாரும் ஒரே லயத்து வரிசை வீடுகளில்தான் குடியிருந்தார்கள், நாலு கதவு தள்ளி. ராமன் பந்தடித்துவிட்டு வியர்வையோடு வந்தார். ஜன்னல் விளிம்பில் போத்தல் இருந்தது. கறுப்புக் கலர் என்று நினைத்து மூடியைத் திறந்து ஒரு மடக்கு வாயில் ஊற்றினார். உடனே துப்பிவிட்டார். முழுங்கினது கொஞ்சம்தான். "என்னா மச்சான், கலருக்குப் பதிலா சாணியக் கரைச்சு வெச்சிருக்க" என்று சிரித்தாராம். வாயைக் கொப்பளித்துவிட்டுச் சாப்பிடவும் உட்கார்ந்தார்.

சுப்பையாதான் ஓடிப்போய் டிரசரைக் கூட்டி வந்தார். டிரசர் போத்தலை மோந்து பார்த்தார். அவர் முகம் போன போக்கை நான் வேலியோரத்திலிருந்து பார்த்தேன், லோரிக்குச் சொல்ல அவர் எங்கள் பக்கமாகத்தான் ஓடினார். ராமன் லோரியில் ஏறும்போதுகூட "எனக்கு ஒண்ணும் இல்ல டிரசர், எதுக்கு இவ்ளோ சூசா, இவ்ளோ தொல்ல" என்று கேட்டுக்கொண்டே ஏறினார்.

அந்த மருந்தின் கொடுமை அதுதான். இரண்டொரு நாள் ஆள் நன்றாக இருப்பார். பேசுவார், சிரிப்பார். பிறகு மெல்ல மெல்ல மூச்சு நின்றுகொண்டே வரும். ஈப்போ ஆஸ்பத்திரியில் ராமனுக்கு அப்படித்தான் ஆனது. டிரசர் விடுப்புச் சொல்லிவிட்டு பஸ் பிடித்துப் போய்ப் பார்த்து வந்தார். கடைசி முறை போய் வந்தபோது அக்கா கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

பிணம் வந்த அன்று அஞ்சலை அண்ணனை வீட்டு வாசலுக்குள் விடவில்லை. "எம் புருசனக் கொன்னுட்டு எதுக்குடா வந்த?" என்று கத்தினாள். தாய் தகப்பன் இல்லாதவர்கள். அவளைத் தோளில் தூக்கி வளர்த்தவர் சுப்பையா. அவர் கித்தா மரத்தடியில் போய் உட்கார்ந்தார்.

தோட்டம் முழுக்க ஒரே பேச்சு. "அறிவு கெட்டவன். விஷத்தக் கொண்டாந்து யாராச்சும் ஜன்னல்ல வைப்பானா?" சொன்னவர்கள் வீட்டு ஜன்னல்களிலும் அதே மாதிரி போத்தல்கள் இருந்தன.

துரை ஆபீசில் விசாரணை வைத்தார். அவர் கெட்டவர் இல்லை. சாவு நடந்த தோட்டம் என்று மேலிடத்திலிருந்து கேள்வி வரும், பதில் சொல்ல வேண்டும். சுப்பையாவின் கவனக்குறைவு என்று முடித்து, வேலையை விட்டு நிறுத்திவிட்டால் காரியம் தீர்ந்துவிடும். டிரசர் அதை ஆமாம் என்று சொன்னால் போதும். உள்ளே நடந்ததைப் பெரிய கிராணி பிற்பாடு என்னிடம் சொன்னார். தோட்டத்துக் கணக்கையும் ஆபீசையும் பார்த்துக்கொள்பவர் அவர்.

"கவனக்குறைவுதானே?" என்று துரை கேட்டாராம்.

"ஒருத்தன் மட்டும் செஞ்சா கவனக்குறைவுன்னு சொல்லலாம் துரை. மருந்தடிக்கிற அத்தன பேரும் இப்படித்தான் கொண்டு போறாங்க. நாம குடுக்குற விதம் அப்படி."

"அப்ப யார் தப்பு? யாருடைய தப்பும் இல்லையா?"

 அதற்கு டிரசர், "நான் வந்த நாளா அந்தப் போத்தலெல்லாம் எங்கண்ணுல பட்டுக்கிட்டுதான் இருந்துச்சு. ஒரு வார்த்த சொல்லல. தப்புன்னு ஒண்ணு எழுதணும்னா எம் பேரத்தான் முதல்ல எழுதணும்" என்றார்.

துரைக்குக் கோபம் வந்துவிட்டது. ஆனால் டிரசர் இப்படி நிற்கும்போது சுப்பையாவை நிறுத்தினால் விவகாரம் பெரிதாகும் என்று விட்டுவிட்டார். சுப்பையாவின் வேலை தப்பியது. இனிமேல் யாரும் மருந்தை வீட்டுக்குக் கொண்டு போகக்கூடாது, போனால் வேலை இல்லை என்று மறுநாள் பெரட்டில் துரை அறிவித்தார். ஸ்டோர் சுவரில் மண்டையோட்டுப் படம் ஒட்டினார்கள்.

அடுத்த வாரமே மருந்து காப்பி பிளாஸ்க்கிலும் சோற்றுத் தூக்கிலும் போக ஆரம்பித்தது. டிரசர் வேலியோரம் நின்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

"படம் ஸ்டோர் சுவத்துல இருக்கு. மருந்து வீட்டுக்குள்ள இருக்கு. முன்னாடி ஜன்னல்ல தெரிஞ்சிச்சு, இப்ப ஒளிஞ்சிருக்கு டீச்சர். இது இன்னும் மோசம்."

மருந்தில் ஏதாவது சாயம் கலந்தால் என்ன என்று யோசித்தார். சிவப்பு விஷயத்தில் சூடுபட்டவர், இந்தத் தடவை முதலில் கேட்டுவிடுவோம் என்று என் வகுப்புக்கு வந்தார். பிள்ளைகளைப் பார்த்து, "எந்தக் கலர்ல தண்ணி இருந்தா நீங்க குடிக்கவே மாட்டீங்க?" என்று கேட்டார்.

யாருக்கும் புரியவில்லை. "செவப்பா இருந்தா?" என்றார்.

"சிராப்!" என்று ஒரு சர்பத்தின் பெயரை வகுப்பே கத்தியது.

"பச்சை?"

"செண்டோல்!"

"கறுப்பு?"

"சின்சாவ்!"

"வெள்ள?"

"தேங்காப் பாலு!"

"நீலம்?"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். டிரசர் முகத்தில் நம்பிக்கை தெரிந்தது. கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "சந்தப் பாசார்ல ஐஸ் உருண்ட விக்கிறாருல்ல டிரசர், அவரு நீலமும் ஊத்துவாரு."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார். ஆனால் வெளியே வந்ததும் முகம் மாறியது. "இந்த நாட்டுல நாம குடிக்காத கலரே இல்ல டீச்சர். நாத்தமாவது சேக்கலாம்னா, இறால் புளிச்ச பெலாச்சானையும் டுரியான் பழத்தையும் தேடித் தின்றோம்." சற்றுத் தூரம் நடந்துவிட்டுச் சொன்னார்: "கலரும் வேணாம், படமும் வேணாம். அது வீட்டுக்கு வர்றதுக்கே காரணம் இல்லாம பண்ணணும்."

காரணம் என்னவென்று அறிய, விடியலில் ஸ்டோர் பக்கம் போய் நின்றார். மருந்தடிப்பவர்களோடு காட்டுக்கும் நடந்தார். மருந்தடிக்கும் ஒருவர் விஷயத்தைச் சொன்னார். ஸ்டோர் தோட்டத்தின் ஒரு கோடியில் இருந்தது, லயம் மறு கோடியில். விடிந்து ஸ்டோருக்குப் போய் மருந்து வாங்கிக்கொண்டு காட்டுக்குப் போனால் வெயில் ஏறிவிடும். அதனால் முந்தின சாயங்காலமே வாங்கி வீட்டில் வைத்துக்கொள்கிறார்கள். வீட்டில் இருப்பதில் கொஞ்சம் காய்கறிக் கொல்லைக்கும் அடித்துக்கொள்கிறார்கள். அவ்வளவுதான் காரணம். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

டிரசர் துரையிடம் மறுபடி போனார். மருந்தை டிராக்டரில் பீப்பாயோடு காட்டுக்கே கொண்டு போங்கள், மேற்பார்வைக்குத் தண்டலை வைத்து அங்கேயே தண்ணீர் கலந்து கொடுங்கள், காய்கறிக் கொல்லைகளுக்குத் தோட்டமே ஆள் அனுப்பி அடித்துக் கொடுக்கட்டும் என்றார். துரை டிராக்டர் இல்லை என்றார். டிரசர் திரும்பி வந்தார். மறுபடி போனார். மாசக்கணக்கில் போனார். கடைசியில் ஒரு டிராக்டர் கிடைத்தது. அதன்பின் போத்தல்கள் தானாகவே லயத்திலிருந்து காணாமல் போயின. யாரும் யாரையும் சோதனை போடவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது டிராக்டரைப் பற்றி அல்ல.

விசாரணை முடிந்த சில நாளிலேயே, அங்கே டிரசர் சொன்னது வெளியே கசிந்துவிட்டது. "டிரசரே ஒத்துக்கிட்டாராம், அவரு தப்புதானாம்" என்று அஞ்சலை காதுக்கும் போனது. மறுநாள் அவள் பால் நிறுத்துவிட்டு வந்த கையோடு, வாளியைக் கீழே போட்டுவிட்டு, மருந்துக் கொட்டகை வாசலில் வந்து நின்றாள்.

"நீ பாத்தியாமே! பாத்துட்டு எதுக்குயா சும்மா இருந்த? ஊரு பூராவும் போத்தல மாத்தினியே, எம் புருசனக் குடிக்க உட்டுட்டியே!"

காத்திருந்தவர்கள் அவளை இழுக்கப் போனார்கள். டிரசர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். ஜன்னலை விட்டு வெளியே வந்து அவள் முன்னால் நின்றார். கைகளைப் பின்னால் கட்டவில்லை, பக்கவாட்டில் தொங்கவிட்டிருந்தார். அவள் ஓயும்வரை நின்றார்.  அவள் போனபின் உள்ளே போய் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அவள் மறுநாளும் வந்தாள். பிறகும் வந்தாள். சில நாள் கத்துவாள், சில நாள் எதிரே நின்று அழுதுவிட்டுப் போவாள். கோயில் திருவிழாவில் எல்லார் முன்னாலும் மண்ணை வாரித் தூற்றினாள். அக்கா அன்றைக்குத் தாங்க மாட்டாமல் என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"நாயா ஒழச்சு அந்த ஆள லோரில ஏத்தி அனுப்புனது இவரு. ஆஸ்பத்திரிக்கு நடையா நடந்தது இவரு. ஒரு வார்த்த பதில் சொல்லக் கூடாதா டீச்சர்? எனக்கு வெளிய தல காட்ட முடியல."

நானே அவரிடம் கேட்டேன். வேலியில் படர்ந்திருந்த அவரைக் கொடிக்கு அவர் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணு பேசுறது நியாயமே இல்ல. நீங்க ஏன் நின்னு வாங்கிக்கிறீங்க?"

அவர் கயிற்றை முடிச்சுப் போட்டு முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"ஆபீசுல அன்னிக்கு நான் எல்லாம் சரியாத்தான் சொன்னேன் டீச்சர். குடுக்குற விதம் தப்பு, போத்தல் தப்புன்னு. ஆனா புருசன் செத்தவ போத்தல்கிட்ட போயா அழுவா? அவளுக்குத் திட்டறதுக்கு ஒரு ஆளு வேணும். அண்ணனத் திட்டிக்கிட்டே இருந்தா அண்ணன் இல்லாமப் போயிடுவான். அவளுக்கு இருக்கிறது அவன் ஒருத்தன்தான். என்னத் திட்டட்டும். நான் எங்க போயிடப் போறேன்?"

"அதுக்காகத்தான் விசாரணையில உங்க தப்புன்னு சொன்னீங்களா?"

"இல்ல. அது நெசமாவே எந் தப்பு. நான் பாத்தேன்ல. சொல்லலல்ல." கயிற்றின் மிச்சத்தைச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்தார். "ரெண்டும்தான்னு வெச்சுக்குங்க."

எனக்கு அது முழுதாக ஒப்பவில்லை. ஒரு மனிதர் தன்னையே இப்படி ஒரு சாமான் போல வாசலில் கொண்டுபோய் வைக்கலாமா என்று தோன்றியது. அதனால் அக்கா பட்ட வேதனைக்கு அவர் என்ன பதில் வைத்திருந்தார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அதையும் அவரிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. அன்று மாலை அக்காவோடு தின்பண்டம் வாங்க டவுனுக்குப் போனார். இருவரும் சேர்ந்து போனதை அதற்கு முன் நான் பார்த்த நினைவில்லை.

மழைக்காலம் வந்தது. அஞ்சலை வருவது குறைந்தது. ஒருநாள் பள்ளி விட்டு லயத்து வழியாக வந்தேன். அஞ்சலை வீட்டுக் கூரை மேல் சுப்பையா உட்கார்ந்து, காற்றில் பெயர்ந்த தகரத்தை அடித்துக்கொண்டிருந்தார். கீழே அஞ்சலை ஆணி டப்பாவோடு நின்றாள்.  அவர் கை நீட்டும்போதெல்லாம் அவள் ஓர் ஆணியை எடுத்துக் கொடுத்தாள்.

நேராக மருந்துக் கொட்டகைக்குப் போய்ச் சொன்னேன். "அப்படியா" என்றார் டிரசர். ஊசிகளை வேகவைக்கும் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றிவிட்டு, அது கொதிக்கும்வரை எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

அடுத்த ஆண்டு அவரைச் சித்தியவான் பக்கம் வேறொரு தோட்டத்துக்கு மாற்றினார்கள். துரைக்கு அவரைப் பிடிக்காமல் போனதால் என்றார்கள் சிலர். அக்காவின் ஊருக்குக் கிட்டே இருக்க அவரே கேட்டு வாங்கினார் என்றார்கள் சிலர். எதுவென்று நான் கேட்கவில்லை.

புறப்படுகிற அன்று லோரியில் சாமான் ஏற்ற ஊரே வந்தது. பாப்பாத்தி மாலை கட்டிக் கொண்டுவந்திருந்தார். என் வகுப்புப் பிள்ளைகள் லோரியின் பின்னால் தொங்கினார்கள். டிரசர் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு முன்னால் ஏறி, அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கூட்டத்துக்கு வெளியே, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை ஓரத்தில் அஞ்சலை நின்றுகொண்டிருந்தாள். அவள் கிட்டே வரவில்லை. கும்பிடவும் இல்லை. அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அந்தப் பக்கம் தெரியாது.

நான் ஜன்னலருகே போனபோது, மற்றவர்களுக்குக் கேட்காமல் குனிந்து கேட்டார்.

"அந்தப் பொண்ணு வந்திருக்கா?"

"வந்திருக்கா. தூரமா நிக்கிறா."

"இன்னும் கோவமாத்தான் இருக்காளா?"

பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "அப்படித்தான் தெரியுது டிரசர்."

"இருக்கட்டும்." சற்றுத் தயங்கினார். "தனியா நிக்கிறாளா?"

நான் திரும்பிப் பார்த்துவிட்டு, "இல்ல. அண்ணன் கூட நிக்கிறா" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு திரும்பி, டிரைவரிடம் "போலாம்" என்றார்.